வீட்டு மின்னழுத்த வேறுபாடு: அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரம்

வீட்டு வயரிங்கில் வோல்டேஜ் என்பது எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் அளக்கப்படுவது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், இரண்டு பேஸ்களுக்கு இடையே 400 வோல்ட் என்பது தமிழ்நாட்டு வழங்கல் அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பொதுவாக ஓரிரு வோல்ட்டே இருக்கும். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் 6 விழுக்காடு ஏற்ற இறக்கத்தை அனுமதித்தன. அந்தக் கணக்கில் வீட்டுக்கு 216 முதல் 244 வோல்ட் வரை வரலாம்.

‘லோ வோல்டேஜ்’ என்ற புகார் பெரும்பாலும் டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி, லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளிலிருந்து வரும். விசைத்தறிகளும் கிணற்று மோட்டார்களும் ஒரே நேரத்தில் ஓடினால் அங்கே அழுத்தம் இறங்கும். ஆனால் வீட்டுக்குள்ளேயே இறக்கம் உண்டாவதும் உண்டு. மீட்டரிலிருந்து 50 மீட்டர் தள்ளியுள்ள கிணற்றுக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் இழுத்தால், போய்வரும் 100 மீட்டருக்கு மின்தடை சுமார் 1.2 ஓம். மோட்டார் கிளம்பும்போது 30 ஆம்பியர் இழுத்தால் 36 வோல்ட் வயரிலேயே போய்விடும். அதே இடத்தில் 4 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு 14 வோல்ட்தான். ஸ்டெபிலைசர் வாங்கும் முன் வயரின் கனத்தைப் பார்க்க வேண்டும்.

லைனில் நியூட்ரல் அறுவது வேறு வகை. அப்போது வெவ்வேறு பேஸில் உள்ள வீடுகள் 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். குறைந்த லோடு உள்ள வீட்டுக்குத்தான் அதிக வோல்ட் போகும். ஒரு வீட்டில் பல்பு மங்க, இன்னொரு வீட்டில் டி.வி. புகைவது இதனால்தான். விளக்கு திடீரென அளவுக்கு மீறிப் பளிச்சிட்டால் உடனே மெயினை அணைத்துவிட வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல் எர்த்தில் இருக்கிறது. கரிசல் மண் ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அப்போது எர்த் குழாயைச் சுற்றி இடைவெளி விழுந்து தடை ஏறுகிறது. எர்த்தின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கிரைண்டரின் உடலில் பேஸ் பட்டால் ஓடுவது 4.6 ஆம்பியர் மட்டுமே. 16 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் மிகும்போது தானே விழும் சுவிட்ச்) அதற்கு விழாது, தொடுபவருக்கு ஷாக் அடிக்கும். குழியில் உப்பும் கரியும் இடுவது ஈரத்தைப் பிடித்துவைக்கத்தான். சீமைக்கருவேலங்கரி இங்கே தாராளமாகக் கிடைக்கிறது. கரி போட்ட குழிக்கும் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஆனால் தண்ணீரை மட்டும் நம்புவது போதாது. 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்ற கசிவுத் தடுப்பு சுவிட்ச் சுமாரான எர்த்திலும் கசிவை உணர்ந்து விழும். கரிசல் காட்டு வீடுகளில் ஸ்டெபிலைசரைவிட முதலில் பொருத்த வேண்டியது அதுதான். தெரு லைனில் கோளாறு என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் செய்யலாம். கம்பத்தில் நீங்களே ஏறாதீர்கள்.