கல்லக்குடி கேட்ட இரண்டு கேள்விகள்

விழுப்புரத்திலிருந்து கார்டு லைனில் திருச்சிக்குப் போகிற ரயில், அரியலூரைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஒரு சின்ன ஸ்டேஷனைக் கடக்கும். பலகையில் 'கல்லக்குடி பழங்காநத்தம்' என்றிருக்கும். இந்தப் பெயருக்காகத்தான் 1953 ஜூலையில் கருணாநிதியும் தோழர்களும் தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்தார்கள். கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது திமுக நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை மட்டுமே. இரண்டாவது முனை, நேரு 'நான்சென்ஸ்' என்று சொன்னதற்கான எதிர்ப்பு. மூன்றாவது, ராஜாஜியின் புதிய கல்வித் திட்டத்துக்கான எதிர்ப்பு.

சிமெண்ட் ஊரின் பெயரும் கிராமப் பள்ளியின் நேர அட்டவணையும் ஒரே போராட்டத்தில் இருந்தன என்பதை நாம் மறந்துவிட்டோம். 'பசுமை வேலைவாய்ப்பு' என்று இன்று எல்லாரும் பேசும்போது எனக்கு அந்த ஜூலைதான் ஞாபகம் வருது.

முதல் கேள்வி, கல்லைப் பற்றியது. 1939-இல் டால்மியா குழுமம் இங்கே சிமெண்ட் ஆலை தொடங்கியது. ஊர் டால்மியாபுரம் ஆனது. மண் நம்முடையது, பெயர் யாருடையது என்பதுதான் அன்றைய கோபம். பிறகு சுண்ணாம்புக்கல்லைத் தேடி ஆலைகள் வடக்கே நகர்ந்தன. 1979-இல் அரியலூரில் அரசின் டான்செம் ஆலை ஓடத் தொடங்கியது. தனியார் ஆலைகளும் அடுத்தடுத்து வந்தன.

இரண்டாவது கேள்வி, பிள்ளைகளைப் பற்றியது. ராஜாஜியின் திட்டப்படி கிராமத் தொடக்கப்பள்ளிக் குழந்தைக்குத் தினம் மூன்று மணி நேரம்தான் வகுப்பு. மிச்ச நேரம் வீட்டில் அப்பா அம்மா செய்யும் தொழிலைக் கற்க வேண்டும். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் குலக்கல்வி. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் முதல்வரானார், திட்டம் போனது. போனது நல்லதுதான். வண்ணான் பிள்ளை வெளுக்கத்தான் வேண்டும் என்று சொல்லாமல் சொன்ன திட்டம் அது.

ஆனால் அந்தக் காயம் ஆறவில்லை. பள்ளிக்கூடத்தில் 'தொழில்' என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு ஒரு சந்தேகம் வரும். நியாயமான சந்தேகம். இதற்கிடையே கைவேலைக் கல்வி தனிக் கட்டடத்தில் வளர்ந்தது. 1950-இல் மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கியது. அதுதான் இன்றைய ஐடிஐக்களின் வேர். 1961-இல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. 1978-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்பிரிவும் வந்தது. அரியலூர், ஆண்டிமடம், பெரம்பலூர், ஆலத்தூரில் இன்று அரசு ஐடிஐக்கள் இருக்கு. ஆனாலும் சொந்தக்காரர் வீட்டில் "என்ன படிக்கிற?" என்று கேட்டால், "ஐடிஐ" என்று சொல்லும் பையனின் குரல் இறங்கிவிடுகிறது.

இப்போது அந்த இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

அரியலூர் வட்டாரத்தின் சுண்ணாம்புக்கல் பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கிடந்த கடலின் மிச்சம். சிப்பிகளும் நத்தைகளும் தங்கள் ஓட்டில் பூட்டி வைத்த கரிமம் அதில் இருக்கிறது. ஒரு டன் சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் 440 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறும். எரிபொருளின் புகை தனிக் கணக்கு. சூளைக்குச் சூரிய மின்சாரமே கொடுத்தாலும் கல்லிலிருந்து வருவது நிற்காது. உலகம் வெளியிடும் கார்பன் டை ஆக்ஸைடில் 7, 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது.

அதனால் அரியலூரின் பசுமை வேலை கூரையில் பேனல் மாட்டுவதோடு முடியாது. 1450 டிகிரிச் சூளையின் பக்கத்திலேயே அது இருக்கிறது. சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல்லையும் கலந்து கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் எல்சி3 சிமெண்டை, சுவிஸ் ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவாக்கியதில் சென்னை ஐஐடிக்கும் பங்குண்டு. 2023-இல் இந்தியத் தர நிர்ணயமும் கிடைத்தது. ஆனால் களிமண்ணைச் சோதிக்க, சூட்டை அளக்க, வீணாகும் வெப்பத்தில் மின்சாரம் எடுக்கிற பாய்லரைப் பராமரிக்க ஆள் வேண்டும். அவர்கள் லேப் டெக்னீஷியனும் பிட்டரும் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்கும்தான். பெரம்பலூர்ப் பக்கம் கிணற்றை நம்பி மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் போடுகிற ஊர்களில் சோலார் பம்ப்செட் நின்றுபோனால் தேடப்போவதும் பக்கத்து ஊர் எலக்ட்ரீஷியனைத்தான்.

திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 2015-இல் பசுமை வேலைகளுக்கான திறன் குழுமம் அமைந்தது. அதே ஆண்டு 600 மணி நேர சூரியமித்ரா பயிற்சி தொடங்கியது. 2022-இல் நான் முதல்வன் வந்தது. ஆனால் இந்த மண் வாக்குறுதிகளைக் கொஞ்சம் பார்த்திருக்கிறது. ஜெயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரிக்காக 1990-களில் நிலத்தை எடுத்தார்கள். சுரங்கமும் வரல, மின்நிலையமும் வரல. கால் நூற்றாண்டு கழித்து நிலத்தைத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. அந்த வேலையை நம்பி வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அதற்குள் வயசாகிவிட்டது.

ஆகவே பசுமைப் பயிற்சி என்று யார் வந்தாலும் 1953-இன் இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பார்க்கலாம். இந்தக் கல்லில், இந்த வெயிலில் வருகிற நல்ல வேலை இந்த ஊருக்கு வருமா? பேனலைத் துடைக்கிறதும் கணக்கில் பசுமை வேலைதான். இன்வெர்ட்டரைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கும் அவருக்கும் சம்பளம் ஒன்றில்லை. அடுத்தது, அந்த வகுப்பில் உட்காரப்போவது யார் பிள்ளை? கல் உடைத்தவர் மகனுக்கு 600 மணி நேரப் பயிற்சி, அதிகாரி மகனுக்கு நான்கு வருஷ இன்ஜினியரிங் என்றே எப்போதும் பிரிந்தால், அது பச்சைச் சாயம் பூசிய பழைய அட்டவணை.

கதவு ஒன்று திறந்துதான் இருக்கு. இரண்டு வருஷ ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டு. குலக்கல்வியில் இல்லாத கதவு இது. பத்தாவது முடித்துவிட்டு ஆண்டிமடத்தில் சேர்க்கை விண்ணப்பத்தோடு நிற்கிற பையனுக்கும் பொண்ணுக்கும் அதை முதல் நாளே யாராவது சொல்லணும்.