சென்னை வணிகக் கட்டிடங்களில் மின்சிக்கனத் தொழில்நுட்பம்

அலுவலகம், நட்சத்திர விடுதி, ஜவுளிக்கடை, மருத்துவமனை போன்ற கட்டிடங்களில் வசதி குறையாமல் மின்செலவைக் குறைக்க சென்சார், மீட்டர், கணினிக் கட்டுப்பாடு ஆகியவற்றைப் பயன்படுத்தும் முறை. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த சென்னையில், மையக் குளிரூட்டல் உள்ள கட்டிடத்தின் கரன்ட் பில்லில் பெரும்பங்கு ஏசிக்கே போகிறது. ஆகவே இவ்வூரில் இத்துறையின் வரலாறு, கட்டிடத்தைக் குளிர வைத்த வரலாறாகவே பெரிதும் அமைந்திருக்கிறது.

மின்சாரத்துக்கு முன்

சாந்தோமிலிருந்து வடக்கே செல்லும் கடற்கரைச் சாலையில் இந்த வரலாற்றின் முதல் அத்தியாயத்தை இன்றும் பார்க்கலாம். தமிழகக் காவல்துறைத் தலைமையகம் இயங்கும் 1839ஆம் ஆண்டுக் கட்டிடம் போன்ற பழைய கட்டிடங்கள் தடித்த சுவர், உயரமான கூரை, நிழல் தரும் தாழ்வாரம் ஆகியவற்றை நம்பி எழுந்தவை. கோடையில் நண்பகலை ஒட்டி வீசத் தொடங்கும் கடற்காற்றுக்கு அவை வழிவிட்டு நின்றன.

அதே சாலையில் உள்ள ஐஸ் ஹவுஸ் வேறு வகை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க ஃபிரெடெரிக் டூடரின் நிறுவனம் 1842இல் கட்டியது அது. சென்னையிலேயே ஐஸ் தயாரிக்கத் தொடங்கியதும் அந்த வணிகம் நின்றது. பின்னர் அதை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார், மனிதர் குடியிருக்கத் தாழ்வாரங்களும் ஜன்னல்களும் சேர்க்க வேண்டியிருந்தது. குளிரைச் சேமிப்பது, காற்றை உள்ளே விடுவது என்ற இரண்டு வழிகளையும் ஒரே கட்டிடம் கண்டிருக்கிறது. 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய இக்கட்டிடம் இன்று விவேகானந்தர் இல்லம்.

மூடிய கட்டிடங்கள்

1959இல் அண்ணா சாலையில் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டிடம் நகரின் உயரக் கட்டிடக் காலத்தைத் தொடங்கி வைத்தது. ஏசி பரவியபின் திறக்கும் ஜன்னல் மறைந்து கண்ணாடிச் சுவர் வந்தது. 2000இல் தரமணியில் திறக்கப்பட்ட டைடல் பார்க், மென்பொருள் அலுவலகங்களின் அளவையே மாற்றியது. சாந்தோமுக்குத் தெற்கே எம்.ஆர்.சி. நகரிலும் உயர்ந்த அலுவலகங்களும் விடுதிகளும் எழுந்தன.

2008 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டு இந்தப் போக்கின் விலையைக் காட்டியது. 2012இல் சென்னையிலும் நாளுக்கு 2 மணிநேர மின்வெட்டு இருந்தது. டீசல் ஜெனரேட்டரில் ஏசி ஓட்டியவர்களுக்கு ஒவ்வொரு யூனிட்டின் அருமையும் தெரிந்தது.

தானியங்கிக் கட்டுப்பாடு வளர்ந்த கதை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆசிரியராக இருந்த வாரன் ஜான்சன், வகுப்பறையின் வெப்பநிலையைத் தெரிவிக்கும் மின்கருவிக்கு 1883இல் காப்புரிமை பெற்றார். அதுவரை பணியாளர் ஒருவர் அறை அறையாகச் சென்று பார்க்க வேண்டியிருந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடி மேலை நாடுகளில் எரிபொருள் சிக்கனத்தை அவசரத் தேவையாக்கியது. பல நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேச உதவும் 'பேக்நெட்' என்ற பொதுவிதி 1995இல் வந்தது. அதன்பின் குளிரூட்டலுக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், பம்ப், விளக்கு எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் கட்டிட மேலாண்மை அமைப்பு, பேச்சுவழக்கில் 'பி.எம்.எஸ்.', எங்கும் பரவியது.

வேலை செய்யும் விதம்

மிகுந்த பலன் தரும் கருவி, மோட்டாரின் வேகத்தை மாற்றும் 'வி.எஃப்.டி.'. மின்விசிறி இழுக்கும் மின்திறன் அதன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால், கணக்குப்படி மின்திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். மதியம் பாதிப்பேர் சாப்பிடப் போயிருக்கும் தளத்தில் காற்றை முழுவேகத்தில் தள்ளத் தேவையில்லை.

எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதை அறைக்காற்றின் கரியமில வாயு அளவை வைத்தே சென்சார் ஊகிக்கிறது. மார்கழியில் கச்சேரிக்குக் கச்சேரி கூட்டம் மாறும் மயிலாப்பூர் சபாக்களைப் போன்ற அரங்குகளுக்கு மிகவும் பொருந்தும் உத்தி இது. ஆள் வராத அரங்குக்குள் வெளிக்காற்றை இழுத்து, அதன் ஈரத்தைப் பிழிந்து குளிர்விக்கும் வீண்செலவு மிச்சமாகிறது.

மூன்றாவது உத்தி குளிர் சேமிப்பு. இரவில் சில்லரை ஓட்டித் தண்ணீரைக் குளிர வைத்தோ உறைய வைத்தோ, தேவை கூடும் பகலில் பயன்படுத்துவார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வுப் பூங்கா குளிர்நீர்ச் சேமிப்பையும் சூரிய, காற்றாலை மின்சாரத்தையும் இணைத்து இயங்குகிறது.

சட்டமும் சான்றிதழும்

எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001இல் இயற்றப்பட்டு, அதன்படி 2002இல் எரிசக்தித் திறன் வாரியம் அமைந்தது. வணிகக் கட்டிடங்களுக்கான எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு 2007இல் வெளியாகி, 2017இல் திருத்தப்பட்டது. 100 கிலோவாட் இணைப்புச் சுமை அல்லது 120 கே.வி.ஏ. ஒப்பந்த மின்தேவை அல்லது அதற்கு மேல் உள்ள புதிய கட்டிடங்களுக்கு அது உரியது. 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பெரிய குடியிருப்புகளையும் இந்த வட்டத்துக்குள் கொண்டுவர வழி செய்தது. நட்சத்திர முத்திரை பெறும் அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது வாரியத்தின் கணக்கு.

பசுமைச் சான்றிதழில் சென்னை முன்வரிசையில் நின்றது. கிண்டி ஒலிம்பியா டெக் பார்க், 2010இல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் ஆகியவை 'லீட்' தங்கத் தரம் பெற்றவை. நூலகத்தின் பெரிய கண்ணாடிப் பரப்புகள் வாசகருக்குப் பகல் வெளிச்சம் தருகின்றன.

கடலோரத்தின் தனிச் சிக்கல்

சாந்தோம், பட்டினப்பாக்கம் பகுதியில் இயந்திரத்துக்கு முதல் எதிரி உப்புக்காற்று. ஏசியின் வெளி யூனிட்டில் மெல்லிய அலுமினியத் தகடுகள் அரித்து, வெள்ளைப் பொடியாக உதிரும். வெப்பம் வெளியேற வழியின்றி கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடும். அறை அதே 24 டிகிரியில் இருக்க, மீட்டர் மட்டும் வேகமாகச் சுற்றும். உள்ளே இருப்பவருக்கு இது தெரியாது. கம்ப்ரஸரின் அழுத்தம் வாரா வாரம் ஏறுவதைப் பதிவுசெய்யும் சென்சாருக்குத் தெரியும். நல்ல தண்ணீரால் கழுவுவதும் பூச்சுள்ள தகடுகளைப் போடுவதும் எளிய தீர்வுகள். கருவி பிழையைக் கண்டுபிடிக்கிறது. தண்ணீர்க் குழாயை எடுத்துவர ஆள் வேண்டும்.

இன்றைய நிலை

விதித்தொகுப்பு புதிய பெரிய கட்டிடங்களுக்கானது. ஆர்.கே. மடம் சாலை, தியாகராய நகர் கடைத்தெருக்களில் உள்ள சிறிய, பழைய கட்டிடங்கள் பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கின்றன. அவற்றுக்கு முழு பி.எம்.எஸ். கட்டாயமில்லை. தளத்துக்கு ஒரு மீட்டர், எல்.ஈ.டி. விளக்கு, கடை சாத்தியதும் ஏசியை அணைக்கும் டைமர், 35 வாட் அளவிலேயே ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறி ஆகியவை போதுமான தொடக்கம். கோவையில் தயாராகும் 'சூப்பர்ஃபேன்' 2012இலேயே அத்தகைய விசிறியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

பெரிய கட்டிடங்களில் குறை வேறு இடத்தில் இருக்கிறது. வாடகைதாரர் மாறுவார், தடுப்புச் சுவர் இடம் மாறும், பழுதான சென்சாரைத் தாண்டி யாரோ ஒருவர் இயந்திரத்தைக் கைமுறைக்கு மாற்றி வைப்பார். திறப்புவிழாவில் பெற்ற சான்றிதழ் சுவரில் தொங்க, சில்லர் இரவுபகலாக ஓடும். ஆகவே மின்சிக்கனத்தின் உண்மையான அளவுகோல், சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற கணக்குதான். அதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கை எழுதும் பிளான்ட் ரூம் ஆபரேட்டருக்குப் பயிற்சியும் அமைப்புகளை மாற்றும் அதிகாரமும் தரும் கட்டிடங்களில்தான் போட்ட முதல் சேமிப்பாகத் திரும்புகிறது.