பழகிய விரலும் புதிய பொறியும்

வீடியோ விளையாட்டுப் பொறி உள்ள வீடுகளில் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு வழக்கு எழுவதுண்டு. புதிய பொறி வந்திருக்கும். பழைய பொறியோடு வந்த கண்ட்ரோலர் என்னும் கைக்கருவியும் பழுதின்றி இருக்கும். பிள்ளையின் விரல்கள் அதில் ஊறிப் போயிருக்கும். இதைப் புதியதில் மாட்டலாமா என்று பிள்ளை கேட்கிறான். இதற்கு விடை பெற்றோரிடம் இல்லை. பொறியைச் செய்த நிறுவனத்திடம் இருக்கிறது.

அந்நிறுவனங்கள் ஒரே வகையாக நடந்துகொண்டதில்லை. 1977-இல் அமெரிக்காவில் வெளிவந்த அட்டாரிப் பொறியின் ஒன்பது ஊசிச் செருகியைக் கொமோடோர், சேகா முதலிய பிறரும் மேற்கொண்டனர். அதனால் சில காலம் ஒருவர் கைக்கருவி மற்றொருவர் பொறியில் ஓரளவேனும் வேலை செய்தது. 2000-இல் வந்த இரண்டாம் பிளேஸ்டேஷன் முதலாவதன் கைக்கருவியை ஏற்றது. 2013-இல் வந்த நான்காவதோ மூன்றாவதன் கைக்கருவியை ஏற்க மறுத்தது. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனத்தார் 2006-இல் விற்ற வீ என்னும் பொறியில், 2001-ஆம் ஆண்டின் கேம்கியூப் கைக்கருவிகளுக்கும் வாயில் வைத்தனர். 2011-இல் வந்த மறுவடிவில் அவ்வாயில்களை எடுத்துவிட்டனர். ஆட்டத்தில் தேர்ந்தவர்கள் பழைய கைக்கருவியை விடுவதாக இல்லை. ஆகவே 2014-இல் நிறுவனத்தாரே அடாப்டர் என்னும் இடையிணைப்பு ஒன்றை விற்கலாயினர். 2017 அக்டோபரில் ஸ்விட்ச் பொறியும் அதனை ஏற்றது. பதினாறு ஆண்டுப் பழக்கத்துக்கு முன் புதுமை சற்றே வளைந்து கொடுத்தது என்று கொள்ளலாம்.

விளையாட்டில் எழும் இவ்வழக்கு ஒருவர் பிழைப்பிலும் எழக்கூடும். எழுந்தும் இருக்கிறது. அதற்குப் பம்பாய் நகரத்துத் தாதரும், அதனை அடுத்த மாதுங்காவும் பொருத்தமான இடங்கள். அங்கே குடியேறிய நம்மவர் கையோடு கொண்டு சென்ற முதலே பழகிய பத்து விரல்கள்தாம்.

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. நெருக்கடியான பழைய நகரத்தை விரிவாக்க 1898-இல் நகரச் சீரமைப்பு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. வடக்கே தாதர், மாதுங்கா நிலங்களைத் திட்டமிட்டு மனைகளாக வகுத்தவர்கள் அந்த டிரஸ்டாரே. அங்கு எழுந்த மாடி வீடுகளில், இரண்டு பெரும் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், தென்னாட்டுக் குமாஸ்தாக்கள் பலர் குடிபுகுந்தனர். 1923-இல் மாதுங்காவில் ஆஸ்திக சமாஜமும், 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் தோன்றின. காலையில் கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்கு ரயிலிலும் டிராமிலும் செல்வது, மாலையில் திரும்பிக் கோயிலுக்கோ கச்சேரிக்கோ போவது என்று அவர்கள் நாட்கள் கழிந்தன.

அவர்களுக்கு வேலை தந்தது எது? ஊரிலே பள்ளிப் படிப்பு முடிந்ததும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து லோயர், ஹையர் என்று தேறியதுதான். லோயருக்கு நிமிடத்திற்கு முப்பது சொற்கள், ஹையருக்கு நாற்பத்தைந்து. சுருக்கெழுத்தும் சேர்ந்தால் ஸ்டெனோ என்ற பதவி. மராத்தியோ குஜராத்தியோ அறியாத இளைஞன் ஒருவன் தாதரில் வந்திறங்கி, முன்பின் காணாத முதலாளியின் முன் அமர்ந்து வேலை காட்ட முடிந்ததற்குக் காரணம், சென்னை மாகாணத்துச் சிற்றூர்ப் பொறியிலும் பம்பாய்க் கம்பெனிப் பொறியிலும் ஆங்கில எழுத்துக்கள் ஒரே வரிசையில் இருந்தமையே. ரெமிங்டனா, அண்டர்வுட்டா, 1955-இல் பம்பாயை அடுத்த விக்ரோலியிலிருந்து வந்த கோத்ரெஜ் பொறியா என்று விரல் கேட்டதில்லை.

இந்த வரிசை அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவர் உருவாக்கியது. 1874-இல் ரெமிங்டன் கம்பெனியார் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். எழுத்துக்களை அவர் ஏன் அவ்வாறு அடுக்கினார் என்பதில் ஆராய்ச்சியாளர் இன்றும் ஒத்துப்போகவில்லை. 1936-இல் துவோரக் என்ற பேராசிரியர், விரலுக்கு எளியது என்று வேறொரு வரிசைக்கு உரிமை பெற்றார், அது பரவவில்லை. பழகிவிட்ட விரல்களை யார் திரும்பப் பழக்குவது? கணினி பிறந்தபோதும் இதே நிலைதான். 1964-இல் ஐ.பி.எம். அறிவித்த பெருங்கணினியில், இயக்குபவர் கட்டளையிடும் மேசைமேல் இருந்தது டைப்ரைட்டர் போன்ற கருவியே. அம்மேசைக்குக் கன்ஸோல் என்று பெயர்; இன்று பிள்ளைகள் விளையாட்டுப் பொறியைக் குறிப்பதும் அதே சொல்லால்தான்.

பம்பாய் டைப்பிஸ்டுகளின் வாழ்வு நேராகவே ஓடியது என்று சொல்வதற்கில்லை. அலுவலக வேலைகளில் தென்னாட்டார் மிகுந்திருப்பது மண்ணின் மைந்தருக்குக் குறையாகத் தோன்றியது. மார்மிக் வார இதழ், பதவிகளில் இருந்தோரின் பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டது. 1966 ஜூனில் சிவசேனை தோன்றி, அக்டோபரில் தாதர் சிவாஜி பூங்காவில் முதற் பெருங்கூட்டம் நடத்தியது. பிறகு வந்தது கணினி. 1983-இல் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் இயந்திரங்களைப் புகுத்துவது பற்றி உடன்பாடு செய்துகொண்டன. கணினி வந்தால் வேலை போய்விடும் என்ற அச்சம் பொய்யன்று. டைப்பிஸ்ட் என்ற பதவியே நாளடைவில் மறைந்தது. எனினும் அன்று பதவியில் இருந்தவர்கள் புதிய திரையின் முன் அமர்ந்தபோது விரல்கள் திகைக்கவில்லை. மற்றவை எல்லாம் புதியன. விசைகள் மட்டும் பழையன. அந்த ஒன்றே பலரை அந்நாட்களில் காப்பாற்றியது என்பது நம் கருத்து. கோத்ரெஜ் 2009-இல் டைப்ரைட்டர் செய்வதை நிறுத்தியபோதும் அதன் எழுத்து வரிசை நிற்கவில்லை.

ஆங்கிலத்தில் இவ்வளவு எளிதாக முடிந்த கதை தமிழில் அவ்வாறு முடியவில்லை.

தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை அமைத்த முத்தையா யாழ்ப்பாணத்தார்; சிங்கப்பூரில் பணியாற்றியவர்; அவருடைய பொறிகள் ஜெர்மனியில் செய்யப்பட்டன. நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் சென்ற ஒருவரே இப்பணியைச் செய்தார் என்பது மகிழ்ச்சிக்குரியது. 247 எழுத்துக்களைச் சில விசைகளில் அடக்குவதற்கு அவர் எழுத்தை உறுப்புறுப்பாகப் பிரித்தார். புள்ளிக்குரிய விசையைத் தட்டினால் தாள் நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அப்புள்ளியின் கீழ் வந்து அமரும். 'கொ' என்று அடிக்க முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்துக் ககரம், பின்னர்க் கால். கண்ணுக்குத் தெரியும் வரிசையே கைக்கும் வரிசை.

1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, லை, னை முதலியவற்றின் வடிவை மாற்றியபோது, பழைய பொறிகளில் இருந்த சில வடிவங்கள் ஒரே ஆணையில் வேலையிழந்தன. கணினி வந்தபோது நேர்ந்ததோ இன்னும் பெரிய மாற்றம். 1991-இல் யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் தமிழ் இடம்பெற்றது. 2010-இல் தமிழ்நாட்டு அரசும் அதனை ஏற்றது. யூனிகோடு எழுத்தைக் காணும் வரிசையில் வைப்பதில்லை, ஒலிக்கும் வரிசையில் வைக்கிறது. அதாவது முதலில் ககரம். ஒகரக் குறி அதன் பின்னரே. ஹையர் தேறிய ஒருவர் கொம்பை முதலில் தட்டினால் கணினி அதனை அனாதையாகத் திரையில் நிறுத்திவிடும்.

இங்கும் இடையிணைப்புத் தேவைப்பட்டது. ஆனால் கம்பியால் அன்று, மென்பொருளால். இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்றவை பழைய தட்டெழுத்து முறையையும் ஏற்றன. கொம்பு தட்டப்பட்டதும் அதனைத் தனியே பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த எழுத்து வந்தபின் முறை மாற்றிக் கணினிக்குக் கொடுப்பது இவற்றின் வேலை. தட்டுபவருக்கு இது தெரிவதே இல்லை. இத்தகைய மென்பொருள்களைச் செய்தோர் பெரும்பாலும் இலவசமாகவே வழங்கினர் என்பதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 என்னும் புதிய விசைப்பலகை வந்தது. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. ககரத்தை இருமுறை தட்டினால் முதலதற்குப் புள்ளி தானே விழும். நாம் அறிந்தவரையில் புதிதாகக் கற்பவருக்கு இதனிலும் சிறந்தது இல்லை. ஆயின் நாற்பது ஆண்டு பழகிய கையை விட்டுவிட்டு மீண்டும் தொடங்கு என்று முதியவரிடம் சொல்வது எளிதன்று.

வெளிமாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகளின் நிலை வேறு. அவர்கள் தமிழைச் செவியால் அறிந்தவர்கள். விரலுக்குத் தெரிந்தது தாத்தா காலத்து ஆங்கில வரிசை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற முறைகளில் ஆங்கில எழுத்துக்களைக் கொண்டு ஒலிப்பின்படி 'அம்மா' என்று தட்டினால் தமிழ் எழுத்தே தோன்றும். அஞ்சல் பெட்டிக்கும் வாட்ஸ்அப்புக்கும் இது போதும். ணகர னகரமும் லகர ளகரமும் எந்த ஆங்கில எழுத்தில் ஒளிந்திருக்கின்றன என்று தேடும்போதுதான் குழந்தை தடுமாறுகிறது. பெற்றோர் பக்கத்தில் இருந்து சொல்லித்தரவேண்டிய இடம் அது. தமிழ் 99-இல் அவை ஒவ்வொன்றும் தத்தம் விசையில் தனித்தே நிற்கின்றன.

2013-இல் ஆப்பிள் கைப்பேசியில் தமிழ் 99, அஞ்சல் ஆகிய இரண்டு விசைப்பலகைகளும் சேர்ந்தன. தாதர் ரயில் நிலைய மேம்பாலத்தில் நின்றபடியே ஊருக்குத் தமிழில் இரண்டு வரி எழுதி அனுப்ப இன்று இயலும். ஆனால் அந்தக் கண்ணாடித் தகட்டில் எழுதுவன இரண்டு கட்டைவிரல்கள். ஹையர் தேறிய பத்து விரல்களுக்கு அங்கே இடமில்லை. அவற்றுக்கு இன்னும் வீட்டு மேசையும் கணினியும்தாம் வேண்டியிருக்கின்றன.