ஆயா குடுத்த பேதியும் சித்தப்பா கேட்ட கேள்வியும்

எங்க மல்லாட்டைக் கொல்லையில வரப்போரம் ஆமணக்கு நடுவோம். அந்துப்பூச்சி மல்லாட்டையை விட்டுட்டு ஆமணக்கு இலையில முட்டை வைக்கும். அந்த இலையைக் கிள்ளி அழிச்சா பயிர் தப்பிக்கும். மிச்ச கொட்டையை வறுத்து, இடிச்சு, தண்ணியில கொதிக்கவிட்டு அம்மா விளக்கெண்ணெய் எடுப்பாங்க.

வில்லியனூர், பாகூர் பக்கம் என் வயசுக்காரங்க யாரைக் கேட்டாலும் அந்த எண்ணெயோட வாசனையைச் சொல்லுவாங்க. பள்ளிக்கூட லீவுல ஒரு நாள் விடிகாலையில எங்க ஆயா பேரப்புள்ளைங்களை வரிசையா உக்கார வச்சு, மூக்கைப் பிடிச்சு ஊத்துவாங்க. அப்புறம் சுடுதண்ணி. மதியம் வரைக்கும் கொல்லைப்பக்கமே குடியிருப்பு. நிக்கணும்னா மோர், பிறகு ரசம் சோறு.

போன மாசம் சித்தப்பா கேட்டார்: "மூணு நாள் முகாமாம். குழாய் வச்சு குடலைக் கழுவி விடறாங்களாம். போகட்டுமா?" அவருக்கு அறுபது தாண்டிடுச்சு. போன வருஷம் அடிவயித்துல இடது பக்கம் வலி, காய்ச்சல். ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டு, பெருங்குடல்ல சின்னச் சின்னப் பை இருக்கு, அதுல ஒண்ணு வீங்கியிருக்குன்னு டாக்டர் சொன்னார். டைவர்ட்டிகுலான்னு பேர். பழைய பேதிதானே, அதுல என்ன வந்துடப் போவுதுங்கறது சித்தப்பா நியாயம். அது நியாயமான்னு பார்க்கத்தான் இந்தப் பழங்கதை.

பேதி நம்ம ஊர்ல இன்னைக்கு வந்த பழக்கம் இல்லை. தேரையர் பேரில் வழங்கும் பாட்டு ஒன்று, நாலு மாசத்துக்கு ஒரு தடவை பேதிக்கு எடுத்துக்கணும் என்கிறது. திருநெல்வேலிப் பக்கம் விளைஞ்ச நிலாவாரை இலை, அந்த ஊர்ப் பேரோடவே கப்பல் ஏறி உலகம் பூரா பேதி மருந்தாப் போச்சு. 1823ல் பிரெஞ்சுக்காரங்க புதுச்சேரியில மருத்துவப் பள்ளி தொடங்கினாங்க. இன்னைக்கு இருக்கிற ஜிப்மருக்கு அதுதான் மூலம். அந்தக் காலத்து ஐரோப்பிய வைத்தியத்துலயும் பேதி குடுக்கிறதும் ரத்தம் எடுக்கிறதும்தான் பெரிய வேலை.

ஆனா பழைய வைத்தியம் கண்ணை மூடிக்கிட்டுப் பேதி குடுக்கலை. யாருக்குக் குடுக்கக்கூடாதுன்னு சரக சம்ஹிதை பட்டியலே போடுது. ஆசனவாயில் புண் உள்ளவங்க, கீழ்வழியா ரத்தம் போறவங்க எல்லாம் அதுல உண்டு. எங்க ஆயாவும் புள்ளைத்தாச்சிக்கும் காய்ச்சக்காரங்களுக்கும் குடுக்க மாட்டாங்க.

இப்ப விக்கிற 'குடல் கழிவு நீக்கம்' ஆயா குடுத்த பேதி மட்டும் இல்லை. அதுல ஐரோப்பாவுல பிறந்த இன்னொரு கதையும் கலந்திருக்கு. குடல்ல மலம் தேங்கி அழுகி, அந்த விஷம் ரத்தத்துல ஏறித்தான் எல்லா நோயும் வருதுன்னு சுமார் நூறு வருஷத்துக்கு முன்னாடி அங்கே பெரிய டாக்டர்களே நம்பினாங்க. லண்டன்ல ஆர்பத்னாட் லேன் என்ற அறுவை நிபுணர், அதுக்காகவே பலருக்குப் பெருங்குடலை வெட்டி எடுத்தார். 1919ல் அமெரிக்காவின் வால்டர் ஆல்வாரஸ் இதை மறுத்து எழுதினார். மலச்சிக்கல்ல வர்ற தலைவலி, சோர்வெல்லாம் விஷத்தால இல்லை, குடல் நிரம்பி விரியறதால வருதுன்னு காட்டினார். டாக்டருங்க கைவிட்டாங்க, வியாபாரம் கைவிடலை.

சித்தப்பா கதைக்கு வருவோம். ரத்தக்குழாய் நுழையிற இடத்துல பெருங்குடலோட சதை கொஞ்சம் பலவீனம். உள்ளே அழுத்தம் கூடினா, பழைய சைக்கிள் டியூப் பிதுங்கற மாதிரி அங்கே பை விழும். 1971ல் பெயின்டரும் பர்கிட்டும், நார்ச்சத்து குறைஞ்ச சாப்பாடுதான் காரணம்னு எழுதினாங்க. இப்ப வயசு, பரம்பரை, உடல் எடை, புகைப்பழக்கம் எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கிறாங்க. நிறைய பேருக்குப் பை இருக்கறதே தெரியாது. பை வீங்கினாலோ ரத்தம் கசிஞ்சாலோதான் தொல்லை.

பிதுங்கின டியூபுக்குப் பம்ப் வச்சு அடிப்போமா? வீங்கின பை இருக்கிற குடல்ல குழாய் வழியா தண்ணியை ஏத்தினா ஓட்டை விழ வாய்ப்பு இருக்கு. மலம் வயித்துக்குள்ள கசிஞ்சா உயிருக்கே ஆபத்து. இப்படி வீங்கி ஆறினவங்களுக்குக் குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கக்கூட டாக்டருங்க சுமார் ஆறு வாரம் பொறுக்கிறாங்க. கடுமையான பேதியில உப்புச்சத்தும் இறங்கிப்போகும். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவங்களுக்கு அது தாங்காது.

இதையெல்லாம் சொல்லி, "உங்க டாக்டரை ஒரு வார்த்தை கேளுங்க"ன்னேன். கேட்டார். வேண்டாம்னுட்டாங்க. முகாமுக்குக் கட்டின முன்பணம் போனது போனதுதான். இப்ப கீரை, பட்டை தீட்டாத அரிசி, நிறைய தண்ணி. அதுவும் டாக்டர் சொன்னபடி மெல்ல மெல்லக் கூட்டிக்கிட்டார்.

டவுன்ல இருக்கிற உங்களுக்கும் இதைத்தான் சொல்லுவேன். பாரம்பரியம்னு யாராவது பேதிக்கோ குடல் கழுவறதுக்கோ கூப்பிட்டா, யாருக்குக் குடுக்கக்கூடாதுன்னு முதல்ல கேளுங்க. அதைச் சொல்லத் தெரியாதவங்களுக்குப் பாரம்பரியம் தெரியாது. காய்ச்சலோட அடிவயித்து வலியோ, மலத்துல ரத்தமோ இருந்தா முகாமைத் தேடாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ஆமணக்கு இந்த வருஷமும் வரப்புல நிக்குது. எண்ணெய் கேட்டு யாராவது வந்தா, "யாருக்கு?"ன்னு கேட்டுட்டுத்தான் அம்மா பாட்டிலை எடுக்கிறாங்க.