திருநாவலூரார் பதிகங்களும் கணிப்பொறித் தமிழ் எழுத்தும்

கெடில நதி பாயும் திருமுனைப்பாடி நாட்டிலே, இந்நாளில் கள்ளக்குறிச்சி மாவட்டத்து உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துள் அடங்கியிருக்கும் திருநாவலூர், சடையனாரும் இசைஞானியாரும் வாழ்ந்து நம்பியாரூரரை மகவாகப் பெற்ற தலமாதலின், தாய், தந்தை, மகன் ஆகிய மூவரும் நாயன்மார் வரிசையில் வைத்து வணங்கப்பெறும் தனிச்சிறப்பினை உடையது. சுந்தரமூர்த்தி நாயனார் என்று உலகம் போற்றும் அந்நம்பியாரூரர் அருளிய பதிகங்கள் 38,000 என்று திருமுறைகண்ட புராணம் சொல்லும். ஏழாம் திருமுறையாக இன்று நம் கையில் எஞ்சியிருப்பனவோ 100 பதிகங்களே.

தில்லைக் கோயிலில் பூட்டியிருந்த அறையைச் சோழ மன்னர் திறப்பித்தபோது ஏடுகளைச் செல் அரித்திருந்தது என்பதும், திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி எஞ்சியவற்றைத் திரட்டி வகுத்தார் என்பதும் பலரும் அறிந்த செய்தி. அதே வரலாற்றின் பிற்பகுதியை நாம் அத்தனை கவனிப்பதில்லை. ஏடு கிடைத்த பின்னும் பண் கிடைக்கவில்லை. ஆகவே திருஎருக்கத்தம்புலியூருக்குச் சென்று, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கண்டு, அவர்வழியே பண்முறையை மீட்டார்கள் என்பது அப்புராணம் தரும் விருத்தாந்தம். எழுத்து ஓரிடத்தில் இருக்க, அதனை ஒலியாக்கும் முறை வேறோரிடத்தில், உயிருள்ள பரம்பரையொன்றன் நினைவில் இருந்தது. எழுதப்பட்டது எதுவும் அதனைப் படிக்கும் முறையோடு சேர்ந்தே வாழும். முறை மறைந்தால், ஏடு முழுதாக இருந்தும் பயனில்லை. கணிப்பொறியில் தமிழ் புகுந்த கதை இவ்வுண்மைக்கு நம் காலத்துச் சாட்சியமாகும்.

கல்லிலும் ஓலையிலும் எழுதிய நம் முன்னோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இட்டாரல்லர்; எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வரிவடிவில் வேறுபடுத்தினாருமல்லர். இரட்டைக் கொம்பு வீரமாமுனிவர் காலத்துச் சீர்திருத்தம் என்பர். எழுதியவன் விட்டதைப் படிப்பவனுடைய மொழியறிவு நிரப்பிக்கொண்டது. இயந்திரத்துக்கோ அத்தகைய அறிவு இல்லை; அது கொள்வது எண்ணை மாத்திரமே. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்னும் சங்கேதத்தை மனிதர் கூடி உடன்பட்டு வகுத்தாலன்றி, ஒரு பொறியில் எழுதியதை மற்றொரு பொறி அறியமாட்டாது.

1963ஆம் ஆண்டு அமெரிக்காவில் வகுக்கப்பெற்ற ஆஸ்கி முறையில் இருந்த இடங்கள் 128. அவை ஆங்கிலத்துக்கே அமைந்தவை. எட்டு பிட்டுக் கணிப்பொறிகளில் இடங்கள் 256 ஆயின. மேற்பாதியான 128 இடங்களில் தமிழின் 247 எழுத்துகளையும் தனித்தனியே வைத்தல் இயலாதாயிற்று. ஆயினும் ஊக்கம் உடையவர்கள் ஓய்ந்திருக்கவில்லை. 1980களிலேயே கனடாவிலிருந்து முனைவர் சீனிவாசன் 'ஆதமி' என்னும் செயலியையும், மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன் 'முரசு' என்னும் செயலியையும் அளித்தனர். பின்னர்ச் சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை வழங்கினார். அச்சகங்களிலோ, ஆங்கில எழுத்துக்குரிய இடங்களிலேயே தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்கள் பெருகின. 'பாமினி' எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டிய சொல், அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தோன்றும். எழுத்துருவே திறவுகோலாயிற்று, நிறுவனந்தோறும் திறவுகோல் வேறாயிற்று.

இக்குழப்பத்தைத் தீர்க்கும் பிரயத்தனங்கள் பல திசைகளில் எழுந்தன. இந்தியத் தர நிறுவனம் 1991இல் வெளியிட்ட இஸ்கி முறை, பிராமி வழிவந்த எழுத்துகள் அனைத்தையும் ஒரே அட்டவணையில் அடக்க முயன்றது. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று கூட்டிய தமிழிணைய மாநாட்டுக்குப் பின், பல தேசங்களில் வாழ்ந்த தமிழன்பர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்துத் திஸ்கி என்னும் முறையை உருவாக்கினர். 1999இல் சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்நாட்டரசு தாம், தாப் என்னும் இரு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. திஸ்கி முதலியவற்றுக்கு முன்னரே, 1991இல் வெளிவந்த, உலகத்து மொழிகளுக்குப் பொதுவான ஒருங்குறி முறையின் முதற்பதிப்பு, இஸ்கியின் முந்தைய வரைவைத் தழுவித் தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தது.

திஸ்கிக்கும் ஒருங்குறிக்கும் உள்ள வேற்றுமை நுட்பமானது. நம்பியாரூரர் அருளிய திருத்தொண்டத்தொகையின் பெயரிலுள்ள 'தொகை' என்னும் சொல்லைக்கொண்டே அதனை விளக்கலாம். திஸ்கி கண்ணாற் காணும் வரிசையைப் பின்பற்றுவது: முதலில் ஒற்றைக்கொம்பு, பின் தகரம், பின் கால், அப்பால் ஐகாரக் கொம்பு, கடைசியில் ககரம் என ஐந்து குறிகள். ஒருங்குறி காதாற் கேட்கும் வரிசையைப் பின்பற்றுவது: தகரம், ஒகரக்குறி, ககரம், ஐகாரக்குறி என நான்கே. கொம்பை எடுத்து மெய்க்கு முன்னே நிறுத்தும் வேலை, காட்டும் பொறியின் பொறுப்பு. அத்திறன் மைக்ரோசாப்டு இயங்குதளங்களில் விண்டோஸ் 2000த்தில்தான் 'லதா' எழுத்துருவுடன் முறையாக அமைந்தது. அதற்கு முந்திய பொறிகளில் ஒருங்குறித் தமிழ் கட்டங்களாகவும் வினாக்குறிகளாகவும் சிதைந்தது. இடச்செலவும் அற்பமன்று. 'திருநாவலூர்' என்னும் ஆறெழுத்துப் பெயர் திஸ்கியில் 8 பைட்டுகளில் அடங்க, ஒருங்குறியின் யுடிஎப்-8 வடிவில் 33 பைட்டுகளைக் கொள்ளும். சிறு நினைவகமுடைய பழம்பொறிகளுக்கு இஃது ஒரு பாரமே. எனினும் உலகத்து மொழிகள் பலவும் ஒரே ஏட்டில் ஒருங்கே அமரவும், திறவுகோல் ஒரு நிறுவனத்தின் உடைமையாகாமல் பொதுவுடைமையாகவும் இப்பாரம் ஏற்கத்தக்கதே என்பதில் ஐயமில்லை.

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தார், பல நாட்டுத் தன்னார்வலர் தட்டச்சிட்ட திருமுறைகளையும் பிற இலக்கியங்களையும் ஆதியில் மயிலையிலும் திஸ்கியிலும் வெளியிட்டு, காலம் மாறியபோது அவற்றை ஒருங்குறிக்கு மாற்றினர். திஸ்கியின் அட்டவணை பகிரங்கமாக இருந்தமையாலன்றோ அம்மாற்றம் கூடிற்று! புதுவைப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் 2007இல் தேவாரத்தை மின்பதிப்பாக வெளியிட்டு அரிய உபகாரம் செய்தது. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும், அஃது இயலாத இடத்து டேஸ்-16 என்னும் பதினாறு பிட்டு முறையையும் தரமென ஏற்றதோடு நெடுநாள் விவாதம் ஒருவாறு அடங்கியது.

பேரிலக்கியங்கள் இங்ஙனம் பிழைத்தன. சிற்றேடுகளின் கதி என்ன? தலவரலாறு, குடமுழுக்கு மலர், உள்ளூர்ப் புலவர் நூல், ஊர்ச்சங்கத்தின் ஆண்டறிக்கை என இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் சிற்றூர் அச்சகங்களில் கோத்தவை எத்தனையோ! அவற்றின் கோப்புகள் பழைய வட்டுகளிலும் ஓய்ந்த கணிப்பொறிகளிலும் முடங்கியிருத்தல் கூடும். அவற்றை உடையோர் முதலில் மூலக்கோப்பை மாற்றாது ஒரு படி எடுத்து, எழுத்துருவின் பெயரையும் அதன் கோப்பையும் உடன்வைத்துப் பேணுதல் வேண்டும். பின்னரே மாற்றியைக் கொண்டு ஒருங்குறியாக்குதல் தகும். மாற்றி இயந்திர கதியில் இயங்குவது. கால் இடவேண்டிய இடத்தில் ரகரமும், ஔகாரத்துக்காக ஒகரமும் ளகரமும் தட்டியிருந்தால், அப்பிழைகளை அது அப்படியே கொண்டுசேர்க்கும். ஆதலின் நூலைப் பயின்ற ஒருவர் வரிவரியாக ஒப்புநோக்கித் திருத்துவது இன்றியமையாதது. ஓதுவாரும், தமிழாசிரியரும், கணிப்பொறி கற்ற இளைஞரும் ஊர்தோறும் ஒன்றுகூடி, கோத்த கைகளும் எழுத்துருவை அறிந்த அச்சகத்தாரும் இருக்கும்போதே இப்பணியை முடிப்பாராயின், வரும் தலைமுறை இவ்வேடுகளைத் தேடி அலையவேண்டியதில்லை.