நீரோட்ட உணரி: மண்டபம் கடற்கரையும் மீன் தொட்டிகளின் பாதுகாப்பும்

குழாயில் நீர் ஓடுகிறதா, எவ்வளவு ஓடுகிறது என்பதை அளந்து மின் குறிப்பாகத் தரும் கருவி நீரோட்ட உணரி ஆகும். இது ஃப்ளோ சென்சார் என்றும் வழங்கப்படுகிறது. மீன் காட்சியகங்களிலும் குஞ்சு பொரிப்பகங்களிலும் பம்பு, வடிகட்டி, குளிர்விப்பான் ஆகியவற்றைப் பாதுகாக்க இது பயன்படுகிறது. அடைத்து வைத்த நீரில் மீனை வாழவைக்கும் முயற்சியின் வரலாற்றோடு இதன் தேவையும் வளர்ந்தது.

தொடக்கம்

1850இல் இங்கிலாந்தின் ராபர்ட் வாரிங்டன், ஒரே தொட்டியில் மீன், நத்தை, நீர்த்தாவரம் மூன்றையும் சேர்த்து வளர்க்க முடியும் எனக் காட்டினார். 1853இல் லண்டன் விலங்குக் காட்சியகத்தில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. 1871இல் திறக்கப்பட்ட கிரிஸ்டல் பேலஸ் காட்சியகத்தில் வில்லியம் ஆல்ஃபோர்டு லாயிட், தொலைவிலிருந்து கொண்டுவந்த கடல்நீரைப் பெரிய நிலவறைத் தேக்கத்தில் சேர்த்து, பம்புகளால் இடைவிடாது சுழலச் செய்தார். இம்முறையில் மீன்களின் உயிர் பம்பை நம்பியே இருந்தது. தமிழகத்தில் எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909இல் சென்னை மெரினாவில் கடல்மீன் காட்சியகம் உருவானது.

மண்டபம்

இராமேசுவரம் தீவுக்கு எதிர்க்கரையில், பாக் விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையே அமைந்தது மண்டபம். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களைத் தங்கவைத்துச் சோதிக்கும் முகாம் முன்பு இங்கு இயங்கியது. 1947 பிப்ரவரி 3 அன்று தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1949இல் இங்கு வந்தது. பின்னர் தலைமையகம் கொச்சிக்கு மாறியபோதும் மண்டபம் மண்டல மையமாகத் தொடர்கிறது.

கோமாளி மீன் போன்ற அலங்காரக் கடல்மீன்களின் குஞ்சு உற்பத்தி இங்கு மேற்கொள்ளப்பட்டது. 2010 மார்ச்சில், இந்தியாவில் முதன்முறையாகக் கடல் விரால் எனப்படும் கோபியா மீன் இங்கு செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்யப்பட்டது. ஒரு தாய்மீனை முட்டையிடும் பருவம் வரை வளர்க்கப் பல மாதங்கள் ஆகும். அத்தனை உழைப்பும் தொட்டிக்கு வரும் நீரை நம்பியே இருக்கிறது.

ஓட்டம் நின்றால்

வெப்பமண்டலக் கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 6 மில்லிகிராம் ஆக்சிசனை மட்டுமே கரைத்து வைத்திருக்கும். நெருக்கமாக மீன் உள்ள தொட்டியில் நீரோட்டமும் காற்றூட்டலும் நின்றால் அது விரைவில் தீர்ந்துவிடும். அம்மோனியாவைச் சிதைக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் வடிகட்டியில் மடியத் தொடங்கும். நீரின்றி ஓடும் பம்பின் அச்சு அடைப்பு சூடேறிக் கெடும். குளிர்விப்பானுக்குள் தேங்கிய நீர் உறைந்து குழாயைச் சிதைக்கக்கூடும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாக் விரிகுடா கொந்தளித்துக் கலங்கும். அப்போது எடுக்கும் நீரில் உள்ள சேறு மணல் வடிகட்டியை மெல்ல மெல்ல அடைக்கும். பம்பின் ஓசை வழக்கம்போலக் கேட்கும்; ஆனால் நீர்வரத்து பாதியாகியிருக்கும். பம்புக்கு மின்சாரம் செல்கிறதா என்று மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. குழாயில் ஓடும் நீரையே அளக்கும் உணரியின் தேவை இங்குதான் எழுகிறது.

அளவிடும் முறைகள்

1832இல் மைக்கேல் ஃபாரடே, லண்டன் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் ஆற்றில் உலோகத் தகடுகளை இறக்கி, ஓடும் நீர் புவியின் காந்தப்புலத்தில் உண்டாக்கும் மின்னழுத்தத்தை அளக்க முயன்றார். அம்முயற்சி வெற்றி பெறவில்லை. எனினும் இன்றைய மின்காந்த ஓட்டமானிகள் அதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. கடல்நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் அதற்கு இம்முறை பொருந்தும்.

விலை குறைந்த உணரிகள், 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவைப் பயன்படுத்துகின்றன. நீர் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது; அதிலுள்ள காந்தம் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் உணரி ஒரு துடிப்பைத் தருகிறது. பரவலாகக் கிடைக்கும் அரை அங்குல வகை ஒன்று லிட்டருக்குச் சுமார் 450 துடிப்புகள் தரும்.

கடல்நீரில் இதன் உலோக அச்சு அரிக்கும். பாசியும் கொட்டலசும் சக்கரத்தில் பற்றும். அதனால் உணரி இருக்கிறது என்பதாலேயே தொட்டி பாதுகாப்பாகிவிடாது. ஒரு வாளி நிரம்பும் நேரத்தைக் கணக்கிட்டு, உணரியின் அளவைச் சரிபார்த்து வரவேண்டும்.

பாதுகாப்பு ஏற்பாடு

பம்பு தொடங்கிய சில நொடிகளுக்குள் ஓட்டம் வராவிட்டால் கட்டுப்படுத்தி அதை நிறுத்தி, மாற்றுப் பம்பை இயக்கி, எச்சரிக்கை ஒலி எழுப்பும். எச்சரிக்கைக் கருவிக்குத் தனி மின்கலம் அவசியம். இல்லையெனில் மின்வெட்டில் பம்போடு அதுவும் அடங்கிவிடும். ஓட்ட அளவு நாள்தோறும் பதிவானால் வடிகட்டி அடைபடுவது முன்னதாகவே தெரியும்.

இரவுக் காவலர் குழாயில் கைவைத்துப் பார்த்துச் செய்த வேலையையே உணரி இடைவிடாமல் செய்கிறது. ஆனால் எச்சரிக்கை ஒலித்ததும் வந்து அடைப்பை நீக்க அருகில் ஒருவர் இருந்தாக வேண்டும்.