சிதைந்த மொழிக்குப் பின் ஒரு தாளம்: ஜெர்மானியக் 'கிரௌட் ராக்' இசையின் தோற்றமும் வளர்ச்சியும்

ஒரு கலை இயக்கத்திற்கு அதனை ஏளனம் செய்தோர் சூட்டிய பெயரே நிலைத்துவிடுவது வரலாற்றில் புதிதன்று. பிரெஞ்சு ஓவியத்தில் 'இம்ப்ரெஷனிசம்' அவ்வாறு வந்த பெயரே. மேற்கு ஜெர்மனியில் 1968-க்கும் 1975-க்கும் இடையே தழைத்த சோதனை ராக் இசைக்கு வாய்த்த 'கிரௌட் ராக்' என்னும் பெயரும் அத்தகையதே. 'கிரௌட்' என்பது முட்டைக்கோசைக் குறிக்கும் சொல். உலகப் போர்களின்போது ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஜெர்மானியரை இழித்துரைக்கக் கையாண்ட வசை. அச்சொல்லை ராக் இசையோடு ஒட்டவைத்துப் பரப்பியது எழுபதுகளின் பிரிட்டிஷ் இசைப் பத்திரிகை உலகம். இசைஞர் பலர் அப்பெயரை விரும்பவில்லை. 'ஃபௌஸ்ட்' குழுவோ, 1973-இல் வெளியிட்ட தன் இசைத்தட்டின் முதல் உருப்படிக்கு அவ்வசையையே தலைப்பாக்கிச் சிரித்தது.

பெயரைவிட முக்கியமானது அப்பெயருக்குப் பின்னிருந்த காயம்.

தந்தையரின் மௌனம்

இவ்விசையைப் படைத்தவர்களில் மூத்தவர்கள் போருக்குச் சற்று முன்பும், இளையவர்கள் போரின்போதும் அதன் பின்பும் பிறந்தவர்கள். இடிபாடுகளுக்கிடையே வளர்ந்த அவர்கள், தந்தையர் என்ன செய்தார்கள் என்று கேட்டபோது கிடைத்தது மௌனம். பள்ளியிலும் நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் பழைய ஆட்சியின் மனிதர்கள் தொடர்ந்திருந்தனர். 1966 முதல் 1969 வரை பிரதமராக இருந்த கீசிங்கரே நாஜிக் கட்சியின் முன்னாள் உறுப்பினர். பின்னாளில் 'கேன்' குழுவை நிறுவிய இர்மின் ஷ்மிட், ஆசிரியர்களின் நாஜிக் கடந்தகாலத்தை மாணவர் இதழில் அம்பலப்படுத்தியதற்காகப் பள்ளியை விட்டு நீக்கப்பட்டவர்.

இவர்களுக்கு எந்தப் பாட்டு உரியதாக இருந்தது? வானொலியில் 'ஷ்லாகர்' என்னும் இனிப்பான மெல்லிசை ஒலித்தது. நடந்தது எதுவும் நடவாததுபோல் காதலையும் கடற்கரையையும் அது பாடியது. நாட்டுப்புறப் பாடல்களோ நாஜிகளின் அணிவகுப்பில் கறைபட்டிருந்தன. எஞ்சியது அமெரிக்கப் படைகளின் வானொலி கொணர்ந்த ப்ளூஸும் ராக்கும். அவற்றைப் பாடியபோதும், அது இன்னொரு மக்களின் துயரை இரவல் வாங்குவதே என்பதைக் கூர்மையானவர்கள் உணர்ந்தனர். ஆஷ்விட்சுக்குப் பின் கவிதை எழுதலாகுமா என்று தத்துவவாதி அடோர்னோ எழுப்பிய கேள்வியை நம் வாசகர்கள் அறிவர். அதே கேள்வி மின்கிதாரைக் கையிலேந்திய இளைஞனையும் எதிர்கொண்டது.

1968

1967 ஜூன் 2 அன்று மேற்கு பெர்லினில், ஈரானிய மன்னரின் வருகையை எதிர்த்த ஆர்ப்பாட்டத்தில் பென்னோ ஓனசோர்க் என்னும் மாணவர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் இயக்கம் கொதித்தெழுந்தது. அந்தக் கொதிப்பினூடே புதிய இசையும் பிறந்தது. பெர்லினில் 1968-இல் கோன்ராட் ஷ்னிட்ஸ்லரும் நண்பர்களும் தொடங்கிய 'ஸோடியாக்' என்னும் கலைக்கூடத்தில், ராகத்திற்கும் இரைச்சலுக்கும் இடையே இருந்த வேலி பிடுங்கப்பட்டது. மியூனிக்கில் 'ஆமோன் ட்யூல்' என்னும் கூட்டுவாழ்வுக் குடும்பம், வாசிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதமின்றி மேடையேறியது. அவ்வாண்டு செப்டம்பரில் எஸ்ஸன் நகரில் நிகழ்ந்த பாடல் விழா இவ்விளைஞர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தியது.

அதே 1968-இல் கொலோன் நகரில் 'கேன்' குழு தோன்றியது. ஷ்மிட்டும் ஹோல்கர் ஷூகாயும் நவீன இசைமேதை ஷ்டாக்ஹவுசனின் மாணவர்கள். தாளக்கலைஞர் யாக்கி லீபெட்ஸைட் கட்டற்ற ஜாஸிலிருந்து வந்தவர். கிதார் வாசித்த மிகாயேல் கரோலி அவர்களைவிடப் பத்து வயது இளையவர். தலைவர் எவருமற்ற குழு அது. மணிக்கணக்கில் கூடி வாசிப்பர். அது ஒலிநாடாவில் பதிவாகும். பின்னர் ஷூகாய் நாடாவை வெட்டி ஒட்டி உருப்படியாக்குவார். 1971-இல் வைலர்ஸ்விஸ்ட் என்னும் ஊரில் கைவிடப்பட்ட திரையரங்கொன்றைத் தம் ஒலிப்பதிவுக்கூடமாக்கி, எதிரொலியைத் தடுக்கச் சுவரெங்கும் ராணுவ மெத்தைகளைத் தொங்கவிட்டனர். போருக்கென ஆயத்தப்படுத்திய பொருள் இசைக்குக் காவலாயிற்று.

அணிவகுப்பும் நேர்ப்பாதையும்

இவ்விசையின் உயிர்நாடி அதன் தாளம். லீபெட்ஸைட் கட்டற்ற ஜாஸின் சிதறலைத் துறந்து, ஒரே அடவை இம்மியும் பிசகாமல் திரும்பத் திரும்ப வாசிக்கலானார். டூஸ்ஸல்டார்ஃபின் 'நொய்!' குழுவில் கிளவுஸ் டிங்கர் அதனை இன்னும் எளிமையாக்கினார். அவரும் மிகாயேல் ரோத்தரும் 1971 இறுதியில், கோனி பிளாங்க் என்னும் ஒலிப்பதிவு வல்லுநரின் துணையோடு நான்கே இரவுகளில் பதிவு செய்த முதல் இசைத்தட்டில், பத்து நிமிடம் ஓடும் 'ஹாலோகாலோ' இருக்கிறது. விமரிசகர்கள் இத்தாளத்தை 'மோட்டோரிக்' என்றனர். டிங்கருக்கு அச்சொல் உவப்பாயில்லை. இயந்திரத்தை அன்று, முடிவற்ற நேர்ப்பாதையையே அவர் மனத்தில் கொண்டிருந்தார்.

இங்கே ஓர் ஐயம் எழும். மாறாத நாலடித் தாளம் என்றால் ஜெர்மானிய வரலாற்றில் முதலில் நினைவுக்கு வருவது ராணுவ அணிவகுப்பு அன்றோ? கூர்ந்து கேட்டால் வேறுபாடு புலப்படும். அணிவகுப்புத் தாளத்தில் முதலடி கட்டளையிடுகிறது, கால்கள் கீழ்ப்படிகின்றன, இறுதியில் ஒரு வெற்றி முழக்கம் காத்திருக்கிறது. 'நொய்!' தாளத்தில் எந்த அடியும் மற்றதை அதட்டுவதில்லை. உச்சம் இல்லை, முழக்கம் இல்லை. முன்பே ஓடிக்கொண்டிருந்தது போலத் தொடங்கி, நம்மைத் தாண்டி ஓடுவது போல மங்கி மறைகிறது. நம் கர்நாடக இசையில் ஆவர்த்தனம் சுழன்று சமத்தில் வந்து சேரும்போது வீடு திரும்பிய நிறைவு உண்டு. திரும்புவதற்கு வீடற்ற தலைமுறையின் தாளம் இது. அவர்கள் முன்னே செல்ல மட்டுமே இயலும்.

வறுமையும் இவர்களுக்குக் கருவியாயிற்று. 1973-இல் இரண்டாம் இசைத்தட்டின் பாதியிலேயே பணம் தீர்ந்தது. முன்னர் வெளியிட்டிருந்த சிறுதட்டின் இரு உருப்படிகளை மிக விரைவாகவும் மிக மெதுவாகவும் சுழலவிட்டு, அவற்றைக்கொண்டே மறுபக்கத்தை நிரப்பினர். அன்று மோசடி எனப் பழிக்கப்பட்ட அச்செயலில், பின்னாளின் மறுகலவை இசையின் முன்னோடியைச் சிலர் கண்டனர்.

குரல் திரும்பிய விதம்

ஜெர்மன் மொழியில் பாடுவதே பலருக்குத் தொண்டையில் முள்ளாயிருந்தது. 'கேன்' குழுவின் முதல் பாடகர் மால்கம் மூனி அமெரிக்கக் கறுப்பினத்தவர். அடுத்தவர் டாமோ சுசூகி என்னும் ஜப்பானியர். 1970-இல் மியூனிக் தெருவில் பாடிக்கொண்டிருந்தவரை ஷூகாயும் லீபெட்ஸைட்டும் கண்டு, அன்றிரவே மேடையேற்றினர். ஆங்கிலம், ஜெர்மன், ஜப்பானியம், எம்மொழியிலும் சேராத ஒலிகள் அனைத்தும் அவர் குரலில் கலந்தன. தோற்ற இரு தேசங்களின் பிள்ளைகள், அகராதியில் இல்லாத மொழியில் சந்தித்துக்கொண்டனர் எனலாம்.

தாய்மொழிக்குத் துணிந்து திரும்பியவர்களுள் முதன்மையானவர்கள் 'கிராஃப்ட்வெர்க்' குழுவின் ரால்ஃப் ஹ்யூட்டரும் ஃபுளோரியன் ஷ்னைடரும். 1974-இல் வெளிவந்த 'ஆட்டோபான்' இருபத்திரண்டு நிமிடத்திற்கும் மேல் நீள்வது. அதன் சொற்களோ குழந்தையும் அறியும் எளிய ஜெர்மன் சொற்கள். அந்நெடுஞ்சாலைகளை ஹிட்லர் தன் சாதனையாகப் பறைசாற்றினார் எனினும், கொலோனிலிருந்து பான் செல்லும் சாலை 1932-இலேயே திறக்கப்பட்டுவிட்டது. கறைபட்ட அச்சொல்லை, விடுமுறைப் பயணத்தின் வெயிலும் கானலும் தோய்ந்த சொல்லாக இவர்கள் மீட்டெடுத்தனர். 1975-இல் அவ்விசைத்தட்டு அமெரிக்கப் பட்டியலில் ஐந்தாம் இடத்தை எட்டியது.

வேறு சிலர் தொலைவை நாடினர். பெர்லினின் 'டாஞ்சரின் ட்ரீம்' மின்னணுக் கருவிகளால் விண்வெளியைத் தேடியது. 'போபோல் வூ'வின் ஃபுளோரியன் ஃபிரிக்கே மின்னணு இசையில் தொடங்கி, பின் பியானோவுக்கும் பிரார்த்தனைக்கும் திரும்பினார். மியூனிக்கின் 'எம்ப்ரியோ' 1978-இல் பேருந்தேறித் தரைவழியே இந்தியாவுக்குப் புறப்பட்டது. நமக்கு வியப்பூட்டும் செய்தி, அக்குழுவின் 1973-ஆம் ஆண்டு இசைத்தட்டில் நம் நாதஸ்வரம் ஒலிப்பது. வாசித்தவர் அதனை முறையாகப் பயின்ற அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ.

தேய்வும் தொடர்ச்சியும்

இவ்வியக்கத்தைப் புனிதமாக்கத் தேவையில்லை. கூட்டுவாழ்வுகள் உட்பூசலில் உடைந்தன. போதைப்பொருள் சிலரைச் சிதைத்தது. வணிக எதிர்ப்புப் பேசிய 'ஃபௌஸ்ட்', பெருநிறுவனமான பாலிடோரின் பணத்தில்தான் வாழ்ந்தது. எழுபதுகளின் இறுதியில் அலை ஓய்ந்தது. ஆயினும் அதன் நீர் பல வாய்க்கால்களில் பாய்ந்தது. டேவிட் போவி 1977-இல் பெர்லினில் உருவாக்கிய இசையிலும், 1982-இல் நியூயார்க்கின் ஆஃப்ரிக்கா பம்பாட்டா கிராஃப்ட்வெர்க்கை அடியொற்றி அமைத்த ஹிப்-ஹாப்பிலும் அதன் தடம் உண்டு. ஷூகாயும் லீபெட்ஸைட்டும் 2017-இல் மறைந்தனர். சுசூகி 2024-இல் மறைந்தார்.

கவிதையோடு வாழும் நமக்கு இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. மொழியே குற்றத்தில் பங்குகொண்டுவிட்ட காலத்தில், கவிஞன் வாய்மூடலாம். ஏதும் நிகழாததுபோல் பழைய இனிமையைத் தொடரலாம். பிறர் துயரை இரவல் வாங்கலாம். இம்மூன்றையும் மறுத்த சில இளைஞர்கள், ஓர் அடி, ஓர் ஒலி, ஓர் அசை எனச் சிறியதிலிருந்து தொடங்கினர். பொய் கலவாதது என்று உறுதிப்படும்வரை அதையே திரும்பத் திரும்ப வாசித்தனர். அதன் பிறகே சொல்லைத் தொட்டனர்.